ஏழு மாகாணங்களின் ரொட்டி

தாஷ்கெச்சுவில் வியாழக்கிழமை மதியம் சாய்ந்தால் வீட்டுக்கு வீடு எண்ணெய் காயும். இறந்தவர்களுக்கு வாயும் வயிறும் போய்விடும், மூக்கு மட்டும் மிச்சமிருக்கும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. மாவை மெல்லிசாகத் தேய்த்து ஏழு வட்ட ரொட்டி பொரிக்க வேண்டும். முதல் ரொட்டியை எண்ணெயில் நழுவவிடும்போது இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். வாசம் அவரைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். பிறகு ரொட்டியை அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள். வாங்கித் தின்கிறவர் நன்றி சொல்வதில்லை. "அவருக்குச் சேரட்டும்" என்று சொல்லி, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிக்கொள்வார். பல் முளைக்கிற வயதிலேயே எங்கள் பிள்ளைகள் இதைப் பழகிவிடும். பிறகு தூக்கத்தில் கையில் ரொட்டியைத் திணித்தாலும் வாய் தானாகச் சொல்லும்.

இதில் தப்பக் கூடாதது ஒன்று உண்டு. உயிரோடு இருக்கிறவர் பெயரை எண்ணெய்க்கு முன்னால் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அவருக்குக் குழி வெட்டியதாகிவிடும். எந்தத் தாயும் அதற்குத் துணிய மாட்டாள்.

புருலுக்கும் அந்தத் துணிவு வரவில்லை. அதனால்தான் வருஷக்கணக்காக வியாழக்கிழமைகளில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகரப் பேருந்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஒரே மகன் எர்மெக், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். சதுக்கத்தில் கூட்டம் கூடிய அன்று, "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பிற்பகலில் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வானத்தில் மேகமே இல்லை. மறுநாள் காலையில் சதுக்கம் ஈரமாக இருந்தது, அது முழுக்கத் துலிப் பூத்திருந்தது. துலிப் ஒரே நாளில் அப்படிப் பூக்காது என்று ஒரு தோட்டக்காரர் டீக்கடையில் சொன்னார். கொஞ்ச நாளில் அவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டதாகத் தெரிய வந்தது.

அன்று சதுக்கத்தில் எதுவும் நடக்கவில்லை என்பதை நிரூபித்தது தேசிய நினைவு ஒழுங்கமைப்பு நிறுவனம். ஊரில் அதற்கு நினைவு ஆபீஸ் என்று பெயர். நாடு எதை நினைக்கலாம் என்று ஆராய்ந்து முடிவு சொல்வது அதன் வேலை. எதுவும் நடக்காததைப் பற்றி அந்த ஆபீஸ் தடிமனான நான்கு தொகுதிகள் வெளியிட்டது. முதல் தொகுதி காலையில் எதுவும் நடக்காததைப் பற்றியது. இரண்டாவது பிற்பகலைப் பற்றியது, அதுதான் இருப்பதிலேயே பெரியது. மூன்றாவதில் வெறும் சதுக்கத்தின் படங்கள். நான்காவது, முதல் மூன்றையும் எழுதியவர்களுக்கு நன்றி.

அதன் இயக்குநர் முனைவர் தாகாய் மலையடிவாரத்து ஆட்டிடையர் வீட்டில் பிறந்து, படித்து, தலைநகர் வரை போய்த் திரும்பியவர். பெரிய உடம்பு, மெத்தென்ற குரல். பிள்ளைகளைக் காணாத தாய்மார்கள் ஒரு நாள் அவரிடம் போய் நின்றார்கள். செத்திருந்தால் உடம்பைக் கொடுங்கள், இருந்தால் ஆளைக் காட்டுங்கள் என்றார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் எல்லாருக்கும் டீ வரவழைத்தார்.

"உங்க துக்கம் எனக்குப் புரியுதும்மா" என்றார். "ஆனா அது ஆதாரம் இல்லாத துக்கம். ஆதாரம் இல்லாத துக்கத்த வச்சிக்கிட்டு ஒரு நாடு எப்படி முன்னுக்கு வரும்? இந்தக் கட்டிடத்துல எத்தன ஆராய்ச்சியாளர்கள் இருக்காங்க தெரியுமா? உங்க பிள்ளைங்க செத்ததுக்கு ஒரு தடயம் கூட இல்லன்னு அடிச்சிச் சொல்றாங்க. சொல்றவங்க சாதாரண ஆளுங்க இல்ல. ஒவ்வொரு தடயத்தயும் பக்கத்துல நின்னு துடைக்க வச்சவங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். தாய்மார்கள் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் வேலை செய்கிறார்கள் என்று அந்த வாரமே அறிவிப்பு வந்தது.

ஆனாலும் வியாழக்கிழமை வாசம் ஆபீஸை உறுத்தியது. யாரும் சாகாத ஊரில் இவ்வளவு எண்ணெய் எதற்குக் காய்கிறது? மூக்கு நல்லவர்களாகப் பார்த்து நான்கைந்து பேரைத் தெருவில் நடக்கவிட்டார்கள். புருல் வீட்டுக்கு எதிர்வீட்டுக் கிழவர் ரொட்டி சுட்டபோது, யார் பெயருக்கு என்று உள்ளே வந்து கேட்டார்கள். ஏழாவது தலைமுறைப் பாட்டனுக்கு என்றார் கிழவர். எங்கள் பக்கத்தில் ஏழு தலைமுறைப் பெயரும் தெரியாதவன் மனுஷனே இல்லை. அந்தப் பாட்டன் இறந்ததற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"அவர் பொறந்தே எரநூறு வருஷம் ஆவுதேய்யா" என்றார் கிழவர்.

"வயசு ஆதாரம் ஆகாது தாத்தா."

கிழவர் சான்றுக்கு மனுப் போட்டார். பாட்டன் நேரில் ஆஜராகவில்லை என்று மனு திரும்பி வந்தது.

ஊரில் பெருமூச்சு அடங்கவில்லை என்று கண்டுகொண்ட ஆபீஸ், அடுத்து ஒரு நலம் விசாரிப்புப் பிரிவைத் தொடங்கியது. அதிலிருந்து மாதம் ஒரு முறை புருல் வீட்டுக்கு வந்தவன் சமத். ஒல்லியான இளைஞன். வரலாறு படித்தவன், வேறு வேலை கிடைக்காதவன். காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பள விரிப்பில் சம்மணமிட்டு உட்காருவான். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எர்மெக் நன்றாக இருப்பதாகவும் அம்மாவைக் கேட்டதாகவும் சொல்வான்.

"யார்கிட்ட கேட்டான்?" என்றாள் புருல் முதல் தடவை.

"எங்க ஆபீஸ்கிட்ட அக்கா."

"எனக்கு ஒரு போன் போட்டா என்னவாம்?"

"அவர் இருக்கற எடத்துல டவர் இல்ல."

"ஆபீஸுக்கு மட்டும் டவர் இருக்கா?"

"ஆபீஸுக்கு எல்லா எடத்துலயும் இருக்குக்கா" என்றான் சமத். அதில் மட்டும் பொய் இல்லை.

நலம் விசாரிப்புப் பிரிவுக்கு ஆண்டு இலக்கு உண்டு. தேசம் வளரும்போது பிள்ளைகள் தேங்கி நிற்கக் கூடாது. ஆகவே வடக்கே பனி கொட்டுகிற ஏதோ ஒரு நகரத்தில், சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கிய எர்மெக் மேஸ்திரி ஆனான். பிறகு கிடங்குக்கே மேலாளர் ஆனான். அவனுக்கு முன்பக்கம் முடி கொட்டியது. லேசாகத் தொப்பை விழுந்தது. புருல் குறுக்கே கேள்வி கேட்பாள். ஆட்டுக் கொழுப்பு அவனுக்கு ஆகாதே, அங்கே எப்படிச் சாப்பிடுகிறான் என்பாள். பழகிவிட்டார் என்பான் சமத். அடுத்த மாதம் வந்து, பழகவில்லையாம், ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாராம் என்று தானே திருத்திக்கொள்வான்.

மற்ற வீடுகளிலும் இதே முன்னேற்றம்தான். ஒரு தாயின் மகனுக்கு மணமுறிவு ஆகிவிட்டதாகச் செய்தி வந்தது. என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று அவள் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டாள். துணை இயக்குநர் மட்டத்தில் கூடிப் பேசி அந்தத் தம்பதியைச் சேர்த்து வைத்தார்கள். அடுத்த தெரு கனிஷாயின் மகன் ஆதில் ஒரு கப்பலுக்குத் தலைவனாகிவிட்டான். கனிஷாய் வாயாடி. பேருந்தில் புருலைப் பார்த்தால் டிக்கெட் வாங்காமல் கதை பேசுவாள்.

"எம்புள்ள குளிக்கக் கூப்ட்டாலே கட்டிலுக்குக் கீழ பூந்துக்குவான். இப்ப கப்பல் ஓட்றானாம். இன்னும் ரெண்டு வருஷம் போனா கடலயே வெலைக்கு வாங்கிடுவான் பாரு."

"நம்பறியா நீ?" என்று கேட்டாள் புருல்.

கனிஷாய் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நம்பலன்னா வாசம் காட்டணுமே" என்றாள்.

அதுதான், கண்ணுகளா, அந்த ஊர்த் தாய்மார்களின் கழுத்தில் கிடந்த கயிறு. எர்மெக் செத்திருந்தால், இத்தனை வருஷமாக எங்கோ ஒரு வெளியில் மூக்கை நீட்டிக்கொண்டு பசியோடு நிற்கிறான். ஊரில் எல்லாருக்கும் வாசம் வருகிறது, அவனுக்கு மட்டும் வரவில்லை. பெற்றவளே மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அவன் செத்திருக்காவிட்டால்? ஆயிரம் பொய்யில் ஒரு மெய் இருந்துவிட்டால்? புருல் அவன் பெயரைச் சொல்லி ரொட்டியை எண்ணெயில் விட்ட அந்த நொடியில், பனி நகரத்தில் ஒருவன் கிடங்கின் படியில் சுருண்டு விழுவான். இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும் என்று அவள் தவித்தாள். எது என்பது கூட அவளுக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது.

வியாழக்கிழமை வந்தால் தெருவெல்லாம் எண்ணெய் மணக்கும். அவள் வீட்டுக் கதவுக்கு வெளியே யாரோ வந்து நிற்பது போலிருக்கும். மோந்து பார்க்கிற மூச்சு கூடக் கேட்கும். அவள் திறக்க மாட்டாள்.

இப்படி இருக்கையில் எர்மெக்குக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் நன்றாகச் சமைப்பாளாம். கொஞ்ச நாளில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, பெயர் பெர்மெத். அதைச் சொன்னபோது சமத்தின் முகமே மாறியிருந்தது. இலக்கில் குழந்தை கிடையாது, அவனாகச் சேர்த்துக்கொண்டது என்று புருலுக்குத் தோன்றியது. குழந்தைக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது என்றான். பால் குடிக்கும்போது ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது என்றான். புருல் கம்பளி நூல் எடுத்துக் காலுறை பின்னிக் கொடுத்தனுப்பினாள். அடுத்த மாதம் வந்து, கொஞ்சம் பெரிசாக இருக்கிறது, குளிர்காலத்துக்குச் சரியாகிவிடும் என்றான். ஆபீஸில் ஓர் அலமாரி நிறையக் காலுறையும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் சேர்ந்துவிட்டதாகப் பெருக்குகிற பெண் வெளியில் சொல்லியிருந்தாள். புருல் அதையும் கேட்டிருந்தாள். கேட்டும் அடுத்த அளவுக் காலுறையைப் பின்ன ஆரம்பித்தாள்.

அந்த வசந்தத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது. எங்கள் வட்டாரத்து நாடுகளின் அரசியல், மக்கள் அமைப்புகள், வரலாற்று நினைவு இவற்றைப் பற்றி ஆராய்கிறவர்களாம். அரசியல் இருந்தது. நினைவு நான்கு தொகுதியாக இருந்தது. மக்கள் அமைப்பு மட்டும்தான் இல்லை. ஆபீஸ் உடனே உத்தரவு போட்டு ஒன்றை உண்டாக்கியது. மகிழ்ச்சியான தாய்மார்களின் சுதந்திரச் சங்கம் என்று பெயர். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார்கள் அத்தனை பேரும் தாமாக முன்வந்து உறுப்பினரானதாக அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. தலைவராக ஓய்வுபெற்ற போலீஸ் கர்னல் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

தலைவர் ஆம்பளையாக இருக்கிறாரே, அவர் எப்படித் தாய் ஆவார் என்று முதல் கூட்டத்தில் கனிஷாய் கேட்டாள். கர்னல் அதை நிதானமாக யோசித்தார். தாய்மார்களோடு நீண்ட காலம் பழகிய அனுபவம் தனக்கு உண்டு என்றும், பெரும்பாலும் விசாரணை அறையில்தான் என்றும் பதில் சொன்னார்.

வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட ஒரு சடங்கு வேண்டும் என்று ஆபீஸ் நினைத்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஆலோசகன் ஒருவன் யோசனை சொன்னான். நம் நாட்டில் மாகாணங்கள் ஏழு. ஒவ்வொரு தாயும் கொடிச் சூரியனைப் போல வட்டமாக ஏழு ரொட்டி பொரித்து, அடுக்கி, மேடையில் விருந்தினருக்கு நீட்டட்டும். ஏழு மாகாணங்களின் ஒற்றுமை ரொட்டி. காகிதக் கட்டோடு கட்டாக இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அது யார் கைக்கெல்லாம் போயிற்றோ, அத்தனை பேருக்கும் அது எந்த ரொட்டி என்று தெரிந்தது. ஆனால் ஒன்று தெரியும் என்று ஒப்புக்கொள்வது அந்தக் கட்டிடத்தில் ஆபத்து. காகிதம் மேசைக்கு மேசை இறங்கிக் கடைசியில் சமத்தின் கையில் புருல் வீட்டுக்கு வந்தது.

"மாட்டேன்" என்றாள் புருல்.

"மாகாணத்துக்குத்தான் அக்கா. எர்மெக்குக்கு இல்ல."

"எண்ணெய்க்கு அது தெரியுமா?"

சமத் தலையைக் குனிந்துகொண்டான். செய்யாவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும் என்றான். கொஞ்சம் பொறுத்து, தனக்கும்தான் என்றான். பிறகு மெல்ல, "பேரச் சொல்லித்தானே அக்கா சேரும். நீங்க மாகாணப் பேரச் சொல்லி விடுங்க. அதுக்குப் போய்ச் சேரட்டும்" என்றான்.

விழா அன்று விடிந்ததும் புருல் வருஷங்களுக்குப் பிறகு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். ரொட்டியை விரல் நுனியில் ஏந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல வடக்கு மாகாணத்தின் பெயரைச் சொல்லி நழுவவிட்டாள். பருத்தி விளைகிற மாகாணத்தைச் சொன்னாள். ஏரி மாகாணம், கணவாய் மாகாணம். ரொட்டி உப்பி எழும்பியது, வாசம் கிளம்பியது. அவள் நாட்டையே ஒவ்வொரு துண்டாக எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசி ரொட்டியை எடுத்தபோது ஏழாவது மாகாணத்தின் பெயர் நினைவுக்கு வரவில்லை. வேறொரு பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெயரே இல்லாமல் அந்த ரொட்டி எண்ணெயில் விழுந்தது. கதவுக்கு வெளியே யாரோ நிற்பதுபோல அன்றும் இருந்தது.

பண்பாட்டு மாளிகை நிறைய ஆட்கள். ஆலைகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் பேருந்துகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். மேடையில் வெள்ளை முக்காடு போட்ட தாய்மார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். முதல் ஆள் புருல், அடுத்து கனிஷாய். ஒவ்வொருவருக்கும் எதிரே ஓர் அதிகாரி. ஒத்திகையில் சொல்லிக் கொடுத்தது இதுதான்: இயக்குநர் புருலிடம் ஒரு விள்ளல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "எர்மெக் உங்களைக் கேட்டதாகச் சொன்னார்" என்று சொல்வார். மற்ற அதிகாரிகள் அவர் சொல்வதை வரி பிசகாமல் அப்படியே சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வாரமாக அவர்கள் பெயர்களை உருப்போட்டிருந்தார்கள்.

தொடங்குவதற்கு முன் உயரமான ஓர் ஆராய்ச்சியாளப் பெண் புருலின் பக்கத்தில் வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். உங்கள் மகனைப் பற்றி உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது என்ன என்பதுதான் அந்தக் கேள்வி. மொழிபெயர்க்க ஆபீஸ் ஓர் ஆளை நிறுத்தியிருந்தது.

"ரொட்டி எப்படி வந்திருக்குன்னு கேக்கறாங்க" என்றான் அவன்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள் புருல்.

அவன் அதை நீளமாக மொழிபெயர்த்தான். நாட்டின் பெயர் இரண்டு முறை வந்தது. அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது, எழுதிக்கொண்டாள்.

பிறகு முனைவர் தாகாய் பேசினார்.

"உலகத்துல எல்லா நாடும் செத்தவங்களத்தான் நினைச்சிக்கிட்டு இருக்கு. அது சுலபம். செத்தவங்க மறுத்துப் பேச மாட்டாங்க. நாங்க உயிரோட இருக்கறவங்கள நினைக்கிறோம், அதுவும் அவங்க உதவி ஒண்ணுமே இல்லாம. இங்க மக்கள் அமைப்புக்கு சுதந்திரம் இருக்கான்னு கேக்கறாங்க. நானே நேர்ல போய் பரிசோதிச்சேன். எங்க சங்கம் ஒரு நாள் கூட எங்கிட்ட கேக்காம சுதந்திரமா இருந்ததில்ல."

கைதட்டல் எழுந்து, அடங்க வேண்டிய நேரத்தில் அடங்கியது. அவர் புருலை நோக்கி நடந்து வந்தார். காமிராக்கள் திரும்பின. அன்று காலை அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. புருல் துணியை விலக்கித் தட்டை நீட்டினாள். மேலே இருந்தது அந்தப் பெயரில்லாத ரொட்டி. அதில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். அந்தப் பெரிய முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பட்டமும் பதவியும் வருவதற்கு முன்னால், மலையடிவாரத்தில் யாராரையோ புதைத்துவிட்டு வந்து ரொட்டி தின்ற பையன் ஒருவன் அந்த உடம்புக்குள் இருந்தான். இரண்டு கையும் எழுந்தன.

"எர்மெக்குக்குச் சேரட்டும்" என்றார். முகத்தைத் தடவிக்கொண்டார்.

துணை இயக்குநர் ஒரு கணம் திகைத்தார். ஆனால் உத்தரவு தெளிவானது. வரி பிசகக் கூடாது, பெயரை மட்டும் மாற்ற வேண்டும். கனிஷாயின் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "ஆதிலுக்குச் சேரட்டும்" என்றார். அவருக்கு அடுத்தவர் அடுத்த பெயரைச் சொன்னார். அப்படியே வரிசை முழுக்க, உருப்போட்ட பெயர்கள் ஒவ்வொன்றாக, மெத்தென்ற அதே குரலில். கர்னல் கடைசி. பிள்ளையின் பெயரை மறந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்துச் சொன்னார்.

அரங்கத்தில் இருந்தவர்களின் கையும் சும்மா இருக்கவில்லை. அத்தனை பேரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டபோது, பெரிய புறாக்கூட்டம் ஒன்று கூரையில் வந்து அமர்வது போன்ற ஒரு சத்தம் கேட்டது. காமிராக்காரன் காமிராவைக் கீழே வைத்துவிட்டுத் தடவிக்கொண்டான். நல்ல சுவை என்று பாராட்டுகிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளன் சொன்னான். அவன் கையும் முகத்திலிருந்து அப்போதுதான் இறங்கியது.

தான் சொன்னது என்ன என்று இயக்குநருக்குக் கடைசியாகத்தான் விளங்கியது. அவர் புருலைப் பார்த்தார். வாயில் இன்னும் மிச்ச ரொட்டி இருந்தது. அதை விழுங்கவும் தெரியாமல் துப்பவும் தெரியாமல் நின்றார்.

புருல் அழவில்லை. வருஷக்கணக்காக இரண்டு படகில் கால் வைத்து நின்றவளுக்கு ஒரு படகு போய்விட்டது. அவ்வளவுதான். பக்கத்தில் கனிஷாய் தட்டோடு மெதுவாக உட்கார்ந்து கொண்டிருந்தாள். புருல் குனிந்து அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். முறைப்படி ரொட்டி கொடுத்தவள் சொல்ல வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருந்தது. அதை இயக்குநருக்குச் சொன்னாள்.

"அப்படியே ஆகட்டும் ஐயா."

விசாரணை நடந்தது. மாளிகையில் அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை என்று விசாரணைக் குழு கண்டுபிடித்தது. ஐந்தாம் தொகுதி அச்சுக்குப் போயிற்று. அந்த ஆராய்ச்சியாளர்களின் அறிக்கையும் பிற்பாடு வந்தது. அரசும் மக்கள் அமைப்பும் ஒரே ரொட்டியைப் பகிர்ந்துகொள்ளும் நெகிழ்ச்சியான காட்சியைக் கண்டதாக அதில் இருந்ததாம். முனைவர் தாகாய் உடல்நலக் காரணங்களுக்காக விடுப்பில் போனார். பிறகு அவரும் வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் புருல் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவு அகலத் திறந்திருந்தது. அதுவரை சாத்திக் கிடந்த வீடுகள் எல்லாவற்றிலும் அன்று அடுப்பு எரிந்தது. மூக்கு நல்லவர்கள் தெருமுனையில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். சமத் வாசலில் வந்து நின்றான். காலணியைக் கழற்றினான், உள்ளே வரவில்லை.

நலம் விசாரிப்புப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள் என்றான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டார்கள், இனிச் செய்தி வராது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுக் கோப்புகளை மூடும்படி உத்தரவு. "எர்மெக்கும்..." என்று ஆரம்பித்தான்.

"எர்மெக்கப் பத்தி நீ இனிமே சொல்லாத தம்பி" என்றாள் புருல். "அவன எனக்குத் தெரியும். உள்ள வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தான். அவள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

"அந்தக் குழந்த என்ன ஆவும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அது வந்து... அது நானா சொன்னதுக்கா."

"தெரியும். போன மாசம் செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாள்னு சொன்ன."

"ஆமா."

குழந்தை அடியெடுத்து வைக்கப் போகும்போது, அதன் இரண்டு கணுக்காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி, ஒருவர் ஓடிவந்து கத்தியால் வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். வெட்டாத குழந்தை வாழ்நாள் முழுக்கத் தடுக்கித் தடுக்கி விழும்.

"கட்டின காலோட அத விட்டுட்டுப் போவாத" என்றாள் புருல். "கயித்த வெட்டிடு. அப்பறம் ஃபைல மூடிக்க."

எண்ணெய் காய ஆரம்பித்தது. சமத் சொன்னான். முற்றத்தில் பனியை ஒதுக்கிக் கம்பளம் விரித்திருக்கிறார்கள் என்றான். அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்திருக்கிறார்கள். குழந்தையை அதன் அப்பா தூக்கி நிறுத்துகிறார் என்றான்.

"அப்பா இல்ல" என்றாள் புருல்.

"ஆமா. அம்மாதான். அம்மாதான் நிக்க வைக்கிறாங்க. கால்ல கயிறு கட்டியாச்சு."

"யார் வெட்றது?"

"ஆள் இல்லக்கா."

"நீயே வெட்டு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மடியில் கிடந்த வலது கை லேசாக அசைந்தது.

"வெட்டிட்டேன்" என்றான்.

"நடக்கறாளா?"

"நடக்கறாக்கா."

"எந்தப் பக்கமா?"

"நம்மள விட்டுத் தள்ளிதான் போறா."

"போகட்டும்" என்றாள் புருல். தேய்த்து வைத்திருந்ததில் முதல் ரொட்டியை விரல் நுனியில் ஏந்தி, தெருவுக்குக் கேட்கிற குரலில் மகனின் பெயரைச் சொல்லி, எண்ணெயில் நழுவவிட்டாள்.